ஜன்னலோரத்து மேடு

எனக்கு வாய் நீளம்னு தெருவே சொல்லும். சொல்லட்டும். எங்க வீட்டுத் தரையை இருபத்திநாலு வருஷமா காப்பாத்தினது இந்த வாய்தான். கூடத்துல மொசைக், சமையலறையிலயும் பின்னறையிலயும் சிவப்புச் சிமெண்டு. மொசைக்ல எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த நிமிஷமே துடைக்கணும், இல்லாட்டி பளபளப்பைத் தின்னுடும். ஆசிட் பாட்டிலை இந்த வாசப்படி தாண்ட விட்டதே இல்லை. சோப்புத் தண்ணியும் கிடையாது, அது படலமா படிஞ்சு அழுக்கை இழுத்துப் பிடிச்சுக்கும். வெறும் தண்ணி, நல்லாப் பிழிஞ்ச துணி, நடுவுல மூணு வாட்டி தண்ணி மாத்தணும். சிமெண்டுத் தரைக்கு மாசம் ஒரு தரம் மெழுகு. அதையும் கை வலிக்கத் தேய்ச்சு ஏத்தணும், மேலாகப் பூசிட்டுப் போனா வழுக்கும். நின்னுக்கிட்டே குச்சியைப் பிடிச்சுத் துடைக்கிற சமாசாரமெல்லாம் எனக்கு ஆகாது. மண்டி போட்டுத்தான் துடைப்பேன்.

"இந்த வீட்டுல நான் விழுந்தாக்கூட, தரைக்கு அடிபட்டுச்சான்னுதான் இவ முதல்ல பார்ப்பா"ன்னு எங்க வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பார். நாலு மாசத்துக்கு முன்னாடி நிஜமாவே விழுந்தார், கையில காபி டம்ளரோட. வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு, வாய் கோணிப் போச்சு. நான் முதல்ல அவரைத்தான் பிடிச்சேன், அப்புறம்தான் காபியைத் துடைச்சேன். எதிர்வீட்டுக்காரி வேற மாதிரி சொல்லிட்டுத் திரியறா, நம்பாதீங்க.

ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு, குழறுற வாயை வச்சுக்கிட்டு அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"தங்கச்சியைப் பார்க்கணும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. அவர் தங்கச்சி, அதாவது என் நாத்தனார், இந்த வீட்டை விட்டுப் போய் இருபத்திநாலு வருஷம் ஆச்சு. போனான்னா சும்மா போகலை. என் மோதிரத்தைத் திருடிட்டுப் போனா. இப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். நானா ஜோடிச்சதில்லை. அவளே தன் வாயால ஒத்துக்கிட்டது.

அப்போ இந்த வீடு கட்டி முடிக்கிற சமயம். கூடத்துக்கு மொசைக் போட்டுக்கிட்டிருந்தாங்க. மொசைக்குக்குப் போடுற பொடிக் கல் சில்லைச் சிமெண்டுல கலக்கறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவணும். தூசி இருந்தா நிறம் மங்கிடும், சிமெண்டும் பிடிக்காது. வேலைக்காரங்க ஏனோதானோன்னு ஒரு வாளித் தண்ணியை ஊத்திட்டுக் கழுவிட்டோம்னு சொல்லிடுவாங்க. யாரையும் நம்பி ஒரு வேலையை விட்டுப் பழக்கமில்லை எனக்கு. அதனால அத்தனை சில்லையும் நானே தொட்டியில போட்டு, கை விட்டு அலசிக் கொடுத்தேன். மூட்டை மூட்டையா, நாள் பூரா. மேஸ்திரிகூடச் சிரிச்சார், "இந்த வீட்டுத் தரையில நீங்க அரிசி களைஞ்சு போட்டிருக்கீங்கம்மா"ன்னு.

அன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா விரல்ல மோதிரம் இல்லை. அது எங்கம்மா அவங்க கையிலேருந்து கழட்டி எனக்குப் போட்டது. ரெண்டு பொன் கம்பியை முறுக்கிச் செஞ்ச மோதிரம், அந்த மாதிரி இன்னொண்ணு நான் எங்கயும் பார்த்ததில்லை. தண்ணி வேலைன்னா கழட்டி ஜன்னல் கட்டையில வைக்கிறது என் வழக்கம். அன்னைக்கும் வச்சேன். வச்சது என் கண்ணு முன்னாடி நிக்குது. ஜன்னல் கட்டையில மோதிரம் இல்லைன்னா யாரோ எடுத்திருக்கணும்.

வீட்டுல அப்போ மூணு பொம்பளைங்கதான். நான், வேலை தேடிக்கிட்டு எங்களோட தங்கியிருந்த நாத்தனார், அப்புறம் சிமெண்டு கலக்குற சித்தாள் ஒருத்தி. சித்தாளுக்கு எட்டு மாசம், நிறைவயிறு. நான் யோசிக்கவே இல்லை. அவ கையைப் பிடிச்சுட்டேன். "எடுத்துடு, இல்லாட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு நட"ன்னு தெருவாசல் வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போனேன். அவ அழுதா. நான் விடலை.

அப்போதான் பின்னாலேருந்து நாத்தனார் குரல் வந்துச்சு. "அவளை விடுங்க அண்ணி. நான்தான் எடுத்தேன். வித்துட்டேன்."

தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. எங்க வித்தே, எதுக்கு வித்தேன்னு எத்தனை கேட்டும் அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை. வேலை முடிஞ்சு வந்த அண்ணன்கிட்டயும் அதையேதான் சொன்னா. அவர் அவளைப் பார்த்து, "இனி என் முகத்துல முழிக்காதே"ன்னார். விடிஞ்சதும் ஒரு பையோட போயிட்டா. எங்கயோ வேலை கிடைச்சு, ஹாஸ்டல்ல இருந்து, கல்யாணமே பண்ணிக்காம இருக்கான்னு யார் மூலமாவோ காதுல விழும். "திருட்டுக் கழுதைக்கு எவன் தாலி கட்டுவான்"னு நான் சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இப்போ அவளைப் பார்க்கணுமாம். வீட்டுக்காரர் கேட்டா நான் மாட்டேன்னா சொல்லுவேன்? சொந்தக்காரங்ககிட்ட நம்பர் வாங்கிப் போன் பண்ணினேன். ஆனா ஒரு கண்டிஷன் போட்டேன்.

"வா. ஆனா வாசல்ல நின்னு, எடுத்தது தப்புதான், மன்னிச்சுடுங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் உள்ள கால் வைக்கணும்."

"சரி அண்ணி, சொல்றேன். அண்ணன் சாப்பிடறாரா?"ன்னா.

போனை வச்சதும் எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தச் சந்தோஷத்துலதான் கூடத்துக்குப் பாலிஷ் போட ஆள் கூப்பிட்டேன். அவ உள்ள வரும்போது தரையில அவ மூஞ்சி தெரியணும், எதை இழந்தோம்னு அவளுக்கு உறைக்கணும். படுத்துக் கிடக்கிற மனுஷன் பக்கத்து ரூம்ல இருக்கும்போது மிஷினை ஓட விடலாமான்னு எதிர்வீட்டுக்காரி கேட்டா. உன் வேலையைப் பாருன்னுட்டேன்.

பாலிஷ்காரர் ஐம்பது வயசு ஆளு, வாயைத் திறக்காத ஊமைக்கோட்டான். எனக்குச் சரியான ஜோடி. ரெண்டு நாளா மிஷினை ஓட்டிக் கூடம் முழுக்க வழிச்சுட்டார். முதல்ல சொரசொரப்புக் கல், அப்புறம் நைஸ் கல். தண்ணி ஊத்தி ஊத்தித் தேய்க்க, வெள்ளைச் சேறு பால் மாதிரி ஓடும். அதை வழிச்சு வாளியில எடுத்தா, அடியில கறுப்பும் பச்சையும் வெள்ளையுமா சில்லுங்க புதுசா முழிச்சுப் பார்க்கும். மூணாவது நாள் காலையில ஜன்னலோரம் மட்டும்தான் பாக்கி. மத்தியானம் பஸ்ஸுக்கு அவ வர்றா.

ஜன்னலோரத்துல எப்பவும் ஒரு சின்ன மேடு உண்டு. துடைக்கும்போது துணி அங்க வந்து தட்டும். இருபத்திநாலு வருஷமா தினமும் அந்த இடத்தைத் திட்டிக்கிட்டே துடைச்சிருக்கேன். பாலிஷ்காரர், "ஓரம்தானேம்மா, யாரு பார்க்கப் போறா, மேலாக விட்டுடலாம்"னார். நான் விடுவேனா? "கூலி வாங்கறீங்கல்ல, மேட்டை எடுத்துட்டுப் போங்க"ன்னேன். அவர் கை மிஷின்ல சொரசொரப்புக் கல்லை மாட்டினார்.

நான் சமையலறையில இருந்தேன். மிஷின் சத்தம் நின்னுச்சு.

"அம்மா, இங்க கட்டம் பிரிக்கக் கண்ணாடிப் பட்டைதானே போட்டீங்க? பித்தளை ஏதாவது வச்சீங்களா?"

"பித்தளையும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒழுங்காப் பாருங்க."

"நீங்களே வந்து பாருங்க."

அலுத்துக்கிட்டே போனேன். சேறா கிடந்துச்சு. அவர் ஒரு குவளைத் தண்ணியை ஊத்திக் கையால வழிச்சார். சில்லுங்களுக்கு நடுவுல, சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளி, மஞ்சளா பொடிப்பொடிப் புள்ளி. நொய்யரிசி மாதிரி, ஒண்ணை அடுத்து ஒண்ணு. வளைஞ்சு போய் முக்கால் வட்டமா நின்னுச்சு. மீதிக் கால் வட்டம் இன்னும் சிமெண்டுக்குள்ள இருந்துச்சு.

ஒரே வளையமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. பாலிஷ்காரர் மாதிரி நானும் ஏதோ பித்தளைத் துண்டுன்னு போயிருப்பேன். ஆனா ரெண்டு கம்பி முறுக்கினதை மேலாகத் தேய்ச்சா, மேல வர்ற இடம் மட்டும் புள்ளியா தெரியும், கீழ போற இடம் மறைஞ்சிருக்கும். சேத்துலயே உட்கார்ந்தேன். மோதிர விரலைக் கொண்டுபோய் அந்த வட்டத்து மேல வச்சேன். இம்மி பிசகலை.

"தங்கம் மாதிரி இருக்கே"ன்னார் பாலிஷ்காரர். "சுவரோரம் அந்தக் காலத்துல மிஷின் வராது. கையால தேய்ச்சு விட்டிருப்பாங்க. அதான் மேடா நின்னுடுச்சு. அதனாலதான் இதுவும் உள்ளயே தங்கிடுச்சு."

ஜன்னல் கட்டையில வச்சது என் கண்ணு முன்னாடி நிக்குதுன்னு சொன்னேனே, அது வேற ஏதோ ஒரு நாள் வச்சது. தினம் வைக்கிறவளுக்கு எல்லா நாளும் ஒரே நாளாத்தானே தெரியும். அன்னைக்கு நான் கழட்டவே இல்லை. தொட்டிக்குள்ள கையை விட்டு நாள் பூரா அலசினவ நான். சில்லோட சில்லா உருவிக்கிட்டுப் போயிருக்கு. என் கையாலயே அள்ளிக் கலவைக்குக் கொடுத்திருக்கேன். அப்புறம் இருபத்திநாலு வருஷம் அது மேலயே மண்டி போட்டுத் துடைச்சிருக்கேன்.

அதுக்கு அடுத்ததுதான் என்னைப் போட்டு அடிச்சுச்சு. மோதிரம் இங்க இருக்கு. அப்போ அவ எதை எடுத்தா? எதை வித்தா?

"இன்னும் ரெண்டு சுத்து விட்டிருந்தா பொடியாகி இந்தச் சேத்தோட போயிருக்கும்"னார் பாலிஷ்காரர்.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம், விடுங்க ரெண்டு சுத்துன்னு சொல்ல வாய் வந்துச்சு. யாருக்குத் தெரியப் போகுது? இந்த ஆளு சாயங்காலம் வேற வீட்டுக்குப் போயிடுவார். அவ வருவா, மன்னிப்புக் கேட்பா, நானும் பெரிய மனசு பண்ணி உள்ள விடுவேன். இத்தனை வருஷம் நான் பேசினது எதையும் திரும்ப முழுங்க வேண்டாம். அப்போதான் அந்தச் "சரி அண்ணி, சொல்றேன்" திரும்பக் காதுல விழுந்துச்சு. பண்ணாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கறதுக்காக ஒருத்தி இந்நேரம் பஸ்ல உட்கார்ந்து வந்துக்கிட்டிருக்கா.

"மிஷினை வைங்க தம்பி"ன்னேன். அந்த இடத்து மேல ஒரு மிதியடியை இழுத்துப் போட்டேன். என்ன செய்யறதுன்னு தெரியாம அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம்னு தெரியாது.

ஆட்டோ வந்து நின்னுச்சு. வாசல்ல ஒரு பொம்பளை. முன்தலை முழுக்க நரை, கையில ஒரு துணிப்பை. போகும்போது இருபத்திரெண்டு வயசு அவளுக்கு. செருப்பைக் கழட்டிட்டுப் படிக்கு வெளியிலயே நின்னா. நான் போனுல சொன்னதை அப்படியே கடைப்பிடிச்சா. கண்ணைத் தரையில வச்சுக்கிட்டு, வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த மாதிரி ஆரம்பிச்சா.

"அண்ணி, நான் எடுத்தது தப்புதான். என்னை மன்னி..."

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன்னு தெரியலை. அவ வாயைப் பொத்திட்டேன். என் கையில இருந்த வெள்ளைச் சேறு அவ கன்னத்துல ஒட்டிக்கிச்சு. அவ பயந்துட்டா. அடிக்க வர்றேன்னு நினைச்சிருப்பா, பாவி, நான் அப்படிப்பட்டவதானே.

"சொல்லாதே. உள்ள வா"ன்னேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். அன்னைக்கு அந்தச் சித்தாளை இழுத்த அதே கை. ஜன்னலோரம் போய் மிதியடியை எடுத்தேன்.

குனிஞ்சு பார்த்தா. முதல்ல புரியலை. அப்புறம் உட்கார்ந்து விரலால தடவினா. பொன்னுப் புள்ளி ஒவ்வொண்ணையும் தொட்டுக்கிட்டே வந்தா.

"நான்தான் போட்டேன்"னு சொன்னேன். "சில்லு கழுவும்போது நழுவியிருக்கு. நீ எடுக்கலை. எடுக்காததை ஏன்டி எடுத்தேன்னு சொன்னே? உன் வாழ்க்கையே போச்சே. ஏன் சொன்னே?"

என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டணும்னு வேண்டிக்கிட்டேன். கன்னத்துல ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். அவ என்னைப் பார்க்கவே இல்லை. முகம் வெளிறிப் போச்சு. எனக்கு வந்த அதிர்ச்சியை விடப் பெரிசா ஏதோ ஒண்ணு அவளுக்கு வந்துடுச்சுன்னு பார்க்கும்போதே தெரிஞ்சுச்சு.

"அப்போ அவளும் எடுக்கலையா?"ன்னா.

"யாரு?"

"அந்தச் சித்தாள்." விரலை அந்தப் புள்ளி மேலேருந்து எடுத்துட்டா. "அவதான் எடுத்தான்னு நினைச்சேன் அண்ணி. வயித்துல புள்ளையோட ஸ்டேஷனுக்கு இழுக்கறீங்களேன்னுதான் பழியை நான் வாங்கிக்கிட்டேன். நீங்க உள்ள போனதும் அவ என் காலைப் பிடிச்சா. நான் எடுக்கலைம்மா, நீங்களாவது நம்புங்கன்னு அழுதா. நான் காலை உதறிட்டேன். எடுத்தா எடுத்துட்டுப் போ, உன்னால என் பேரு போச்சு, இந்தப் பக்கமே வராதேன்னு சொன்னேன். கூலியைக்கூட வாங்காம போயிட்டா."

பாலிஷ்காரர் வாளியைக் கையில பிடிச்சபடி அப்படியே நின்னுட்டார்.

"இத்தனை வருஷமும் ஒரு திருடியைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்"னா அவ. "கஷ்டம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்திப்பேன். அவளை ஒருத்தர்கூட நம்பலையே அண்ணி. நானும் நம்பலையே."

ரெண்டு பேரும் ஈரத் தரையிலயே உட்கார்ந்துட்டோம். அந்தச் சித்தாள் எந்த ஊரு, புள்ளை நல்லபடியா பொறந்துச்சா, உயிரோட இருக்காளா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மேஸ்திரியைக் கேட்கலாம்னா அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. என்கிட்ட மன்னிப்புக் கேட்க வந்தவகிட்ட நான் மன்னிப்புக் கேட்கலாம். அவ மன்னிச்சாலும் மன்னிப்பா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டியவ இந்தக் கூடத்துல இல்லை.

உள் ரூம்லேருந்து எங்க வீட்டுக்காரர் குரல் குழறிக்கிட்டு வந்துச்சு.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா"ன்னேன்.

"உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாளா?"

நாத்தனார் சட்டுன்னு, "கேட்டுட்டேன் அண்ணா"ன்னு சொல்ல வாயெடுத்தா. மறுபடியும் பழியைத் தன் தலையில தூக்கி வச்சுக்கப் பார்த்தா. நான் அவ தோளை அழுத்திப் பிடிச்சு உட்கார வச்சுட்டு உள்ள போனேன். சேறு அப்பின புடவையோட கட்டில் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணையும் மறைக்கலை. ரெண்டு சுத்து விடச் சொல்லலாம்னு நினைச்சதைக்கூடச் சொன்னேன். என் வாழ்நாள்ல அவ்வளவு மெதுவா நான் பேசினது அன்னைக்குத்தான்.

அவர் மோட்டு வளையையே பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. நான் முந்தானையால துடைக்கப் போனேன். தலையைத் திருப்பிக்கிட்டார். நல்லா இருக்கிற இடது கையைக் கதவுப் பக்கம் நீட்டினார். தங்கச்சி வந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டில் ஓரமா உட்கார்ந்தா. நான் கொஞ்சம் தள்ளி நின்னேன். எனக்கு அன்னைக்கு அந்த ரூம்ல இடம் அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் கழிச்சுப் பாலிஷ்காரர் கதவு பக்கம் வந்தார். "அம்மா, அந்த இடத்தை என்ன செய்யட்டும்? உளி வச்சுத் தட்டினா எடுத்துடலாம். ஓட்டையை வெள்ளைச் சிமெண்டு கலந்து அடைச்சா தெரியாது."

எங்கம்மா மோதிரம். எடுங்கன்னு சொல்லத்தான் திரும்பினேன்.

"தோண்டாதீங்க"ன்னா நாத்தனார், அண்ணன் கையை விடாமலே. "எடுத்துக் கையில வச்சுக் காட்டினா, எங்கயோ கிடைச்சதுன்னு அந்தச் சித்தாள் நினைப்பா. தரையிலயே இருக்கட்டும். அவளைக் கண்டுபிடிச்சா, இங்க கூட்டிட்டு வந்து காட்டணும்."

பாலிஷ்காரர் என்னைப் பார்த்தார். அவ சொல்றதைச் செய்யுங்கன்னேன்.

அந்த மேடு இன்னும் அப்படியேதான் இருக்கு. சுத்தியும் கண்ணாடி மாதிரி பளபளக்குது, அந்த ஒரு சாண் இடம் மட்டும் சொரசொரன்னு மங்கிக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா நாத்தனார் வர்றா. அண்ணனுக்கு ஒரு வாய் ஊட்டிட்டு, நானும் அவளுமா கிளம்பி, கட்டட வேலை நடக்கிற இடமா பார்த்துப் போய் விசாரிக்கிறோம். எட்டு மாச வயித்தோட, இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி, மொசைக்குக்குச் சிமெண்டு கலக்கினவ ஒருத்தியைத் தெரியுமான்னு கேட்கறோம். சிரிக்கிறாங்க. இதுவரைக்கும் ஆள் கிடைக்கலை.